விரலுக்கு ஒரு இடம்

"எங்க இருந்துதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று சொல்லி, இழைப்புளியை அருங்காட்சியகப் பொறுப்பாளர் மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் ப்ரூஃப் சார். மேடம் அப்போது மின்வாரிய அலுவலகத்தோடு ஃபோனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஃபோனைத் தோளில் இடுக்கியபடியே இழைப்புளியைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தச்சர்கள் பலகையை இழைத்து வழவழப்பாக்கும் ஒரு சாண் நீள மரக்கட்டை. நடுவில் சாய்வாக ஒரு வாய், அதற்குள் இரும்பு அலகு, அலகை இறுக்க ஒரு ஆப்பு. அதன் முன்புறத்தில் எங்கேயோ இரண்டு ஆணித் துளைகள் இருந்தன. ஆணிகளைப் பிடுங்கி, அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைத்து, மூன்று வகை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசியிருந்தார் ப்ரூஃப் சார். மேடம் உதட்டைப் பிதுக்கினார்.

"தெரியல சார்."

"தெரியாது மேடம். எனக்கே தெரியல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை அவருடைய மனைவி பார்த்திருந்தால், கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரிக்கவில்லையே என்று கேட்டிருப்பார்.

அரசாங்க அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் ப்ரூஃப் பார்த்தவர் என்பதால் இங்கே எல்லோருக்கும் அவர் ப்ரூஃப் சார்தான். காற்புள்ளி இடம் மாறியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே ஒரு முறை உண்டு. யார் படித்தார்களோ அவர்கள் பக்கத்தின் அடியில் தங்கள் முதலெழுத்தைப் போட வேண்டும். தப்பு நழுவிப் போனால் யார் தலை உருளும் என்பதற்கு விசாரணையே வேண்டாம். தலை உருளும், நாலு பேர் முன்னால் திட்டு விழும், 'பிழை திருத்தம்' என்று ஒரு சின்னச் சீட்டை அச்சடித்து உள்ளே செருகுவார்கள், அதோடு கதை முடிந்தது. அந்தத் திட்டுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அவருக்கு நிறைய உண்டு.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு உளி, ஒரு ரம்பம், ஒரு சுத்தியல் வாங்கினார். பால்கனியில் துணி காயப்போடும் இடம் பட்டறையானது. முதல் வருடத்தில் ஒரு ஸ்டூல், ஒரு சாவி மாட்டும் பலகை, எதற்கென்று அவருக்கே நிச்சயமில்லாத ஒரு பெட்டி ஆகியவை உருவாயின. ஸ்டூலைப் பார்த்த மனைவி, "நாலு காலும் ஒரே நேரத்துல தரையத் தொடுற நாள் வந்தா சொல்லுங்க, நானே முதல்ல உட்கார்றேன்" என்றார். அந்த நாள் வரவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. தாளில் இருக்கும் தப்பைக் கண்ணால் மட்டுமே பிடித்துப் பழகியவருக்கு, மரத்தில் இருக்கும் தப்பு உள்ளங்கையில் நெருடுவது பெரிய புதுமையாக இருந்தது. முதல்முறையாக ஒரு பலகையிலிருந்து மரச்சுருள் அறுபடாமல் எழும்பி வந்தபோது, அதை எடுத்துக்கொண்டுபோய் மனைவியின் கையில் கொடுத்தார். அவரும் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, வெங்காயத் தோல் மாதிரி இருக்கு" என்று சொல்லி வைத்துக்கொண்டார். தூக்கிப் போடவில்லை. அதுவே பெரிசு.

அருங்காட்சியகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடிப்போன ஒரு மில்லின் மூன்று அறைகள். ஊரில் இருந்த தொழில்களின் பழைய கருவிகளை வாங்கி, எண் போட்டு, கண்ணாடிக்குள் வைப்பார்கள். மேடம் நூலகத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். டிக்கெட் கொடுப்பதும் அவர்தான், ஒட்டடை அடிக்க ஆள் பிடிப்பதும் அவர்தான். செவ்வாயும் வெள்ளியும் சம்பளமில்லாமல் வந்து உதவுகிறேன் என்று ப்ரூஃப் சார் சொன்னபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அவரைப் பிடித்துக்கொண்டார். பின்னறையில் ஒரு மேசையும் விளக்கும் கொடுத்தார். வருகிற கருவிகளைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த இழைப்புளி ஒரு தகரப் பெட்டியில் வந்தது. ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா தச்சர், இனிமேல் வேலை செய்ய முடியாது, வீடு மாறிப் போகிறோம், போகிற இடத்தில் வைக்க வசதியில்லை என்றார். பதினொரு கருவிகள். படிவத்தில் குறிப்பு என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். பதினொன்றில் இழைப்புளிதான் மோசம். கை படும் இடமெல்லாம் கருப்பேறி, தார் பூசியதுபோல இருந்தது. போதாக்குறைக்கு முன்புறத்தில் வலது ஓரமாக ஒரு துண்டுச் செருப்புத் தோலை யாரோ இரண்டு ஆணிகளால் அடித்துவைத்திருந்தார்கள், அதுவும் கோணலாக. ப்ரூஃப் சாருக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை அரித்தது. நல்ல பத்தியில் வேறு யாரோ புகுத்திய சொல்போல அது துருத்திக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் தோல் பொடிந்து மேசையில் கொட்டியது. துடைப்பத்தால் தள்ளிக் குப்பைக்கூடையில் போட்டார். மூன்று வாரம் அந்த ஒரு சாண் கட்டையோடு கிடந்தார். அலகைக் கல்லில் தீட்டி, முன்கை முடியை மழித்துப் பார்த்துச் சரிபார்த்தார். கருப்பு போய் மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் தெரிந்த நாளில், ஒரு மணி நேரம் வேறு எதையும் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இழைப்புளி கண்ணாடிக்குள் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மேடம் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். ஃபோன் அடித்தது, ப்ரூஃப் சார் எடுத்தார். தகரப் பெட்டி கொடுத்த பெண்.

"சார், நான் கொடுத்தது கொடுத்ததுதான். திருப்பிக் கேக்கல. ஒரு பத்து நிமிஷம் எங்கப்பாவை அழைச்சிட்டு வந்து காட்டலாமா?"

"தாராளமா வாங்கம்மா. உங்க சாமான்தானே."

அந்தப் பெண் பேசிக்கொண்டே போனார். ஆறு மாதம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. எழுந்திருக்கவே மாட்டார் என்றார்கள், அதனால்தான் பெட்டியைக் கொடுத்தது. இப்போது நடக்கிறார், சாப்பிடுகிறார், கை நன்றாக வருகிறது. ஆனால் ஆளையும் தெரியவில்லை, இடமும் தெரியவில்லை. மகளை யாரோ நர்ஸ் என்று நினைத்து நீங்க, வாங்க என்கிறார். பயிற்சி கொடுக்க வருகிறவர், அவர் கைக்குப் பழகின பொருள் ஏதாவது இருந்தால் கொடுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது சில பேருக்குக் கைக்குத் தெரியும் என்றாராம்.

"அந்தச் சின்ன இழைப்புளி இருக்கே சார், அது போதும். அப்பாவுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான். சின்ன வயசுலயே ரம்பத்துல போயிடுச்சு. விரல் நிக்கணும்னு அதுல ஒரு செருப்புத் தோல ஆணி அடிச்சு வெச்சிருப்பாரு. எங்கம்மாவோட செருப்பு. அம்மா ஒரு வாரம் அவரோட பேசல." சிரித்தார். "அத மட்டும் தொட்டாருன்னா கண்டுபிடிச்சிடுவாரு சார். எனக்கு நம்பிக்கை இருக்கு. செவ்வாய்க்கிழமை வரலாமா?"

"வாங்க" என்றார் ப்ரூஃப் சார். 

கண்ணாடியைத் திறந்து இழைப்புளியை எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போனார். ப்ரூஃப் பார்த்த காலத்துப் பூதக்கண்ணாடியை எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துளைகளைத் தேடினார். ஊசியால் குத்திப் பார்த்தார். நகத்தால் நெருடிப் பார்த்தார். ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, காய்கிற வேகத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தார். மரம் ஒரே மரமாக இருந்தது. பெட்டி வந்த அன்று எடுத்த புகைப்படத்தைத் தேடி எடுத்தால், பதினொரு கருவிகளும் வரிசையாகப் படுத்திருந்தன, இழைப்புளி இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு. வலது ஓரத்தில் இருந்த தோலின் ஒரு நுனி மட்டும் நிழல்போல எட்டிப் பார்த்தது. குப்பைக்கூடை எத்தனையோ முறை காலியாகியிருந்தது. இருந்தும் அதற்குள் ஒருமுறை பார்த்தார்.

சாயங்காலம் மேடம் திரும்பி வந்தபோது, அவர் தன் பழைய செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இழைப்புளியின் மேல் இங்கேயும் அங்கேயும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றைக்காலில் செருப்பு இல்லை. விஷயத்தைச் சொன்னார். மேடம் கைப்பையை மேசையில் வைத்தார்.

"எந்த இடம்னு தெரியுமா சார்?"

"தோராயமா."

"தோராயமா வெச்சு, அவர் விரல் அங்க போய் நிக்கலன்னா? அப்புறம் அந்தப் பொண்ணு, அப்பாவுக்கு இதுவும் மறந்துபோச்சுன்னுதானே நினைக்கும்." மேடம் தோல் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி இழுப்பறையில் போட்டார். "வேணாம் சார். ஏற்கனவே ஒரு தடவ கை வெச்சாச்சு."

"தப்பு என்னுது மேடம். எழுத்துல எழுதிக் கொடுத்துடறேன். நீங்க மேல அனுப்புங்க."

"அனுப்பி? சுத்தம் பண்ணுங்கன்னு சொன்னது நான். நீங்க கொண்டுவந்து காட்டினப்போ அழகா இருக்குன்னு சொன்னதும் நான். உங்களுக்கு மெமோ கொடுத்தா எனக்கு யார் கொடுக்கறது?" மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போங்க சார். செருப்பப் போட்டுக்கங்க முதல்ல."

இதைவிட நாலு பேர் முன்னால் நிற்கவைத்துத் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. செருகுவதற்கு ஒரு சீட்டு இல்லாத பிழையை என்ன செய்வதென்று முப்பத்தாறு வருடத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் பால்கனிப் பக்கம் போகவில்லை. மனைவி இரண்டு முறை பார்த்தார், மூன்றாவது முறை கேட்டார், இவர் சொன்னார். அவர் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஃபோன் பண்ணி முன்னாடியே சொல்லிடுங்களேன், பாவம்."

"ரெண்டு தடவ போட்டேன். மணி அடிச்சதும் வெச்சுட்டேன்."

"நான் வேணா பேசட்டுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினார். மனைவி ஒரு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அப்புறம் ஸ்டூல் இருந்த திசையைப் பார்த்தபடி, "நம்ம வீட்டுல செய்யற மாதிரியே கோணல்மாணலா செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். தச்சருக்கு வெளுத்த முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தது. தலையைப் படியச் சீவிவிட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்போல, எங்கே உட்காரச் சொன்னார்களோ அங்கே உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் கைகளை வைத்துக்கொண்டார். பெரிய கைகள். வலது ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு நின்றுபோயிருந்தது. மகள் முகத்தில் பரீட்சை முடிவு பார்க்க வந்த களை.

"நேத்துலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன் சார். உங்க இழைப்புளியப் பார்க்கப் போறோம்ப்பான்னு. சரிங்கறாரு. என்ன புரிஞ்சுதோ."

"அம்மா, ஒரு நிமிஷம் வெளியில வாங்க" என்றார் ப்ரூஃப் சார்.

நடைபாதையில் வைத்துச் சொன்னார். மூன்று நாளாக மனத்துக்குள் அடித்துத் திருத்திவைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. தோலைப் பிடுங்கிவிட்டேன், துளையை அடைத்துவிட்டேன், எங்கே இருந்ததென்று இப்போது எனக்கே தெரியவில்லை, தெரியாமல் செய்துவிட்டேன் என்றார். அந்தப் பெண் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டின தோலு?"

"குப்பையில போட்டுட்டேன்."

அந்தப் பெண் தலையை ஆட்டினார். சுவரில் எழுதியிருந்த பார்வையாளர் நேரத்தை ஒருமுறை முழுக்கப் படித்தார். "நான்தானே சார் கொடுத்தேன்" என்றார். "அவர் உயிரோட இருக்கும்போதே கொடுத்தேன். உங்களச் சொல்லி என்ன." பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காட்டுவோம். வந்தது வந்துட்டோம்" என்றார்.

மேடம் ஒரு பழைய பலகையை மேசையில் போட்டு, அதன் மேல் இழைப்புளியைக் கொண்டுவந்து வைத்தார். தச்சர் குனிந்து பார்த்தார். முதல் காரியமாக, யாரும் சொல்லாமல், அதைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார். அலகு கீழே பட்டால் மழுங்கும், தெரிந்தவர்கள் எவரும் இழைப்புளியை நிறுத்திவைக்க மாட்டார்கள். ஒரு மாதமாகக் கண்ணாடிக்குள் நின்றுகொண்டேதான் இருந்தது. மகளின் கை ப்ரூஃப் சாரின் சட்டைக்கையைப் பற்றியது. பற்றியது தெரியாமலே பற்றியிருந்தார்.

தச்சர் அதைக் கையில் எடுத்தார். எடுத்த விதத்திலேயே கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கட்டைவிரல் இடது பக்கம் போயிற்று, மற்ற விரல்கள் வலது பக்கம் வளைந்தன, பாதி விரல் மட்டும் தனியாக முன்னே நீண்டு, மரத்தின் முன்புறத்தில் வலது ஓரமாக ஒரு இடத்தில் இறங்கியது. வழுக்கியது. மறுபடியும் இறங்கியது. கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தது, கொஞ்சம் கீழே வந்து பார்த்தது. இருட்டில் சுவிட்சைத் தேடும் விரல்போலப் போய் வந்தது. ப்ரூஃப் சார் அந்த விரலையே பார்த்தார். இப்போது எந்த இடமென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பூதக்கண்ணாடிக்குக் கிடைக்காத இடம், மேல் ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை. இடம் தெரிந்து என்ன செய்ய.

தச்சர் கையை எடுத்துவிட்டார். அலகைக் கட்டைவிரலின் ரேகையில் லேசாக வைத்துப் பார்த்துவிட்டு, ப்ரூஃப் சாரை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா தீட்டியிருக்கீங்க. யாருது?"

"உங்களுதுதான் ஐயா" என்றார் ப்ரூஃப் சார்.

தச்சர் சிரித்தார். சின்னப் பிள்ளை சொல்லும் பொய்யைக் கேட்டுச் சிரிப்பதுபோல. "என்னுது இல்லைங்க. என்னுதுல விரலுக்கு ஒரு இடம் இருக்கும்." பாதி விரலைத் தூக்கிக் காட்டினார். "தோலு வெச்சிருக்கேன். வீட்டுல செருப்ப வெட்டிட்டேன்னு ஒரே சண்டை." மகளின் பக்கம் திரும்பினார். "உங்கம்மா ஒரு வாரம் பேசலையே, ஞாபகம் இருக்கா? நீ அப்ப இத்துனூண்டு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு மாதத்தில் அவர் மகளை நீ என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"ஞாபகம் இருக்குப்பா."

"அது எங்க இப்ப?"

மகள் ப்ரூஃப் சாரைப் பார்த்தார். ப்ரூஃப் சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் பலகையைப் பார்த்தார்.

"அப்பா, இதுதான்ப்பா அது. தோல எடுத்துட்டாங்க. நல்லா தொட்டுப் பாருங்க." மகள் இழைப்புளியை எடுத்து அவருடைய கையில் திணிக்கப் பார்த்தார்.

தச்சர் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. அடுத்தவர் கையாள்ற சாமான். ஒரு தடவ தொட்டதே தப்பு." பிறகு மகளிடமிருந்து அதை வாங்கி மறுபடியும் பக்கவாட்டில் சாய்த்து, ப்ரூஃப் சாரின் பக்கமாக மரியாதையோடு நகர்த்திவைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அலகு நீங்க வெச்ச நிலைல இருந்து மாறலையே, பார்த்துக்கங்க."

"மாறல" என்றார் ப்ரூஃப் சார்.

"என்னுது வீட்டுலதான் இருக்கும். பெஞ்சு மேல வெச்சேன். யாரும் எடுக்கலையேம்மா?"

"இல்லப்பா" என்றார் மகள். அவர் இப்போது அழுதுகொண்டிருந்தார், ஆனால் குரலில் அது வரவில்லை. "யாரும் எடுக்கல."

"அப்ப வா போலாம்." தச்சர் எழுந்துவிட்டார். வரும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவர், இப்போது எதையும் பிடிக்கவில்லை. வாசலில் நின்று திரும்பி, "நீங்களும் ஒரு நாள் வாங்க, காட்டறேன். உங்களுக்குப் பிடிக்கும்" என்றார் ப்ரூஃப் சாரிடம். ப்ரூஃப் சார் கும்பிட்டார். வேறு எதுவும் செய்யக் கை வரவில்லை.

மில் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியும். ப்ரூஃப் சார் படியில் நின்று பார்த்தார். தச்சர் முன்னால் போனார், அத்தனை வேகமாக. மகள் பின்னால் ஓட்டமும் நடையுமாக, அவருடைய தண்ணீர் பாட்டிலையும் ஸ்வெட்டரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அப்பா, அப்பா என்று கூப்பிட்டபடி போனார். அவர் நிற்கவில்லை. எந்தப் பஸ் என்று பார்க்கவும் இல்லை. முதலில் வந்த பஸ்ஸுக்கு நேராகச் சாலையில் இறங்கி வலது கையைத் தூக்கினார். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம் வளைந்து, நடுவில் ஒரு கட்டை அளவுக்கு வெற்றிடம் விட்டு, கை அப்படியே நின்றது. பஸ் வேகம் குறைந்து அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.